ஓடக்காரன் வசனம்

டிசம்பர் 9, 2008. செவ்வாய்

இன்று குற்றாலிங்கம் சார் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். சிதம்பரநாத வாத்தியாரின் பேரன். அந்தக் குடும்பத்து ஆள் எங்கள் குடும்பத்து வாசலை மிதிப்பது எழுபத்தேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று மதினி கணக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு காப்பி போட ஓடினாள். எதிரி வந்தாலும் திருநெல்வேலியில் காப்பி உண்டு.

அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதினியிடம் பேச ஆரம்பித்தார். நான் எழுந்து போய் அவர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எனக்குக் காது கேட்காது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டைப் படித்துக்கொள்வேன்" என்று எழுதி வைத்திருக்கும் அட்டையைக் காட்டினேன். பாவம், அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு எழுத்தையும் வாயை அகட்டி அகட்டிப் பேசினார். அப்படிப் பேசினால்தான் எனக்குப் புரியாது.

விஷயம் இதுதான். அவருடைய தாத்தா எழுதி நடத்திய 'ஓடக்காரன் சபதம்' நாடகத்தை 1931இல் போலீஸ் தடை செய்தது. நாலாம் அங்கத்தில் அரசனுக்கு முன்னால் ஓடக்காரன் பேசுகிற வசனம் வெள்ளைக்காரனைக் குத்துகிறது என்று குற்றம். நோட்டுப் புத்தகங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாத்தியாரையும் ஐந்து நடிகர்களையும் பிடித்தார்கள். ஐந்து பேரும் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார்கள். வாத்தியார் போட மாட்டேன் என்று இருந்து, ஜெயிலிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

ஐந்து பேரில் நாலு பேர் வாயை மூடிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போனார்கள். ஐந்தாவது ஆள் என் அப்பா ஆவுடையப்பன். ஓடக்காரனாக நடித்தவர். இரண்டே மாதத்தில் சென்னைக்குப் போய், அதே கதையை ஊமைப்படமாக எடுத்த கம்பெனியில், அதே ஓடக்காரனாக நடித்தார். அந்த வசனம் இருந்த இடத்தில் "யாவும் ஈசன் செயல்" என்று திரையில் எழுத்துப் போட்டார்களாம். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஊரில் 'மன்னிப்பு ஆவுடை' என்று பெயர்.

ஊமைப்படம் என்று சொல்லும்போது சார் என்னைப் பார்த்துத் தயங்கினார். நான் ஊமை இல்லை, செவிடு. பேசுவேன். கேட்கிறவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

பத்திரத்தின் நகலைக் காட்டினார். அப்பாவின் கையெழுத்தேதான், அந்த 'ஆ'வின் சுழியை எங்கே பார்த்தாலும் சொல்வேன். "மேற்படி வசனத்தை இனி மேடையிலாவது வேறெங்காவது எந்த ஜனங்களின் காதிலும் விழும்படி நான் சொல்வதில்லை என்று ஆண்டவன் சாட்சியாக ஒப்புக்கொள்கிறேன்."

"பிப்ரவரி பதினஞ்சு தாத்தாவுக்கு நினைவு விழா. புத்தகம் போடுதோம். உங்ககிட்ட மறைக்க வேண்டாம்னு வந்தேன். ஒரு அத்தியாயத்துக்குப் பேரு 'காட்டிக்கொடுத்தவர்'. உங்க அப்பா போட்டோ ஒண்ணு வேணும்" என்றார்.

"படம் தர மாட்டேன். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை" என்று எழுதிக் காட்டினேன்.

"ஆதாரம் இருந்தாக் கொண்டாங்கம்மா. நான் வாத்தியார் வேலை பாத்தவன், தப்பைத் திருத்திக்கிடுவேன். ஜனவரி முப்பத்தொண்ணு வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல அச்சுக்குப் போயிரும்."

படத்தைப் பார்த்தால் தெரியாதா என்று எழுதிக் கேட்டேன். அது எங்கே இருக்கிறது, அந்தக் காலத்துப் பிலிமை எல்லாம் வளையல் செய்கிறவன் வாங்கி உருக்கிவிட்டான் என்றார். வசனமும் போயிற்றாம். கடைசி வரி ஒன்று மட்டும் ஜெயிலிலிருந்து வாய்வழியாக அவர் குடும்பத்துக்கு வந்திருக்கிறது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, விழா மேடையில்தான் சொல்லப்போகிறார்.

அவரை வழியனுப்பத் திரும்பும்போது தண்ணீர்க் குடத்தை இடித்துத் தள்ளிவிட்டேன். மதினி யாராவது வந்தால் குடத்தை இடம் மாற்றிவைப்பாள்.

டிசம்பர் 11, வியாழன்

கோட்டாற்றுக்காரி ரவிக்கைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடத் தையலில் இப்படி நடந்ததில்லை. கோபத்தில் தைத்தால் இப்படித்தான். பிரித்துத் தைத்தேன்.

ஆதாரமாம். மனிதர் செத்து முப்பது வருடமாகிறது. லாரி புக்கிங் ஆபீசில் சீட்டு எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டினவர். அவர் தெருவில் போனால் முதுகுக்குப் பின்னால் பையன்கள் "மன்னிப்பு, மன்னிப்பு" என்பார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு போவேன், திரும்பிப் பார்த்து அந்த வாய்களைப் படிப்பேன். அவர் திரும்பவே மாட்டார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த மௌனத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

டிசம்பர் 16, செவ்வாய்

கும்பிட்ட சாமி கைவிடவில்லை. செய்யது மீரான் என்று ஒரு தம்பி வந்தான். கல்லூரியில் பாடம் நடத்துகிறானாம், பழைய பிலிம் தேடி அலைவது கிறுக்கு. அவனுடைய அம்மா வழித் தாத்தா கடையநல்லூரில் வளையல் வியாபாரி. பழைய பிலிமை எடை போட்டு வாங்கி உருக்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய இடித்த சரக்குக் கிட்டங்கிச் சுவருக்குள் உருக்காமல் விட்ட ஒரு தகரடப்பா இருந்திருக்கிறது. அதில் 'ஓடக்காரன் சபதம்' இரண்டு துண்டு! பம்பாயில் ஓர் இடத்தில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிவாங்கிக்கொண்டிருக்கிறான். முதல் துண்டு கையில் இருக்கிறது. இரண்டாவது ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அல்வா மாதிரி இருக்கிறதாம். பிரிக்க முடிந்தால் பிரிப்பார்கள்.

குற்றாலிங்கம் சாரிடம் போய்க் கேட்டிருக்கிறான். "நடிச்சவர் மக டவுன்ல இருக்கா, வாயைப் பாத்தே பேச்சைச் சொல்லுவா" என்று அவர்தான் அனுப்பியிருக்கிறார். நியாயமான மனிதர்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது, வையவும் முடியவில்லை.

தம்பி சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. மீசை மேலுதட்டை மூடுகிறது. "அடுத்த தடவை மீசையைக் கத்தரித்துவிட்டு வாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, அப்ப பேசினது எல்லாம் படத்துல வாயில தெரியுமா?" என்று கேட்டான்.

தெரியும் என்று எழுதிக் காட்டினேன். நாடகக்காரர்கள் கேமராவுக்கு முன்னால் நின்றாலும் கடைசி வரிசைக்காரனுக்குப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள். அப்பா வாய் என்றால் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நான் உதடு படித்ததே அந்த வாயில்தான். பள்ளிக்கூடம் போகுமுன்னே விளக்கைத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தினமும் பாடம் எடுப்பார். ப, ம, வ மூன்றும் உதட்டில் தெரியும். க மாதிரி எழுத்துகள் தொண்டைக்குள்ளேயே நின்றுகொள்ளும். அதனால் ப-வில் தொடங்கும் சொற்கள் முன்னால் வர ஒரு நீளமான பாடம் வைத்திருந்தார். பசு, பிணம், பிள்ளைத்தாய்ச்சி. எந்தத் தகப்பனாவது ஆறு வயசுப் பிள்ளைக்குப் பிணம் என்று பாடம் எடுப்பாரா? எங்கள் வீட்டில் எடுத்தார். பசு பாடம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல நானும் வாயசைத்து ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து.

அம்மாவுக்கு அதில் ஒரே குறை. "அவளுக்குக் கேக்காட்டி என்ன, நீங்க சத்தம் போட்டுப் பேசினா என்னவாம்? வாயை மட்டும் மென்னுக்கிட்டு! பக்கத்து வீட்டுல சிரிக்காக" என்பாள். மற்ற எதையும் என்னிடம் சத்தமாகத்தான் பேசுவாராம். பாடம் மட்டும் சத்தமில்லாமல்.

டிசம்பர் 20, சனி

தம்பி மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தான். முகம் பிஞ்சுக் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

கம்ப்யூட்டரை மேசையில் வைத்தான். நான் இன்னும் தள்ளி, ஜன்னல் திட்டில் வைக்கச் சைகை காட்டினேன். பக்கத்தில் வைத்தால் முகத்தில் ஒரு மூக்கோ ஒரு காதோதான் எனக்குத் தெரிகிறது. தள்ளி வைத்தால் முழு ஆளும் தெரிகிறார். பழைய கண்ணாடி, மாற்ற வேண்டும்.

அப்பா. இருபத்துநாலு வயசு. மேல்துண்டு, கையில் துடுப்பு. எனக்கு அவரை வழுக்கையாகத்தான் தெரியும். இந்த முடியெல்லாம் எங்கே வைத்திருந்தார் மனிதர்! மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை, அழுதால் உதடு தெரியாது.

ஆற்றங்கரையில் ஓடக்காரன் நாயகி நீலமணியிடம் விடைபெறும் காட்சி. நாலு நிமிடம். நீலமணியாகப் பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட்காரர் ஒருவர், நல்ல அழகு. அப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்க என்னவோ சொல்கிறார். நான் படித்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி போடச் சொன்னேன். ஏழு தடவை.

தம்பி என் முன்னால் வந்து, "என்னம்மா சொல்றாரு?" என்றான்.

தலைவலிக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இவ்வளவுதான் சொல்கிறார்.

டிசம்பர் 27, சனி

தம்பிக்கு உண்மையை மெசேஜில் அனுப்பினேன். நேரிலேயே வந்துவிட்டான். அவனுக்கு ஒரு பழைய பத்திரிகைத் துணுக்கு கிடைத்திருக்கிறது. டைரக்டர் பம்பாய்க்காரர். தமிழ் ஓர் எழுத்து தெரியாது. நாடகக்காரர்கள் கேமரா முன்னால் பாட்டைத் தொடங்கினால் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முடித்துவிட்டுத்தான் நிறுத்துவார்களாம். பிலிம் மளமளவென்று தீர்ந்துவிடும். தலையில் அடித்துக்கொண்டு, "பாட வேண்டாம், பேச வேண்டாம், ஒன்று முதல் நாலு வரை எண்ணுங்கள், வாய் அசைந்தால் போதும்" என்று உத்தரவு போட்டாராம்.

அப்பா உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார். நீலமணி கீழ்ப்படியவில்லை. விம்மி விம்மி அழுதுகொண்டே அந்த ஆள் சொல்வதை இன்று முழுக்கப் படித்தேன். "சீக்கிரம் முடிக்கச் சொல்லுமய்யா, சேலைக்குள்ள வேர்த்து ஊத்துது. மத்தியானச் சோத்துக்கு இன்னிக்கும் சாம்பாருன்னா நான் ஊருக்குப் போயிருவேன்." அதற்கு அடுத்து எழுத்து வருகிறது: "பிராணநாதா! என்னைப் பிரிந்து செல்வீரோ?"

தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். மதினியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அப்பா, நீங்கள் எண்ணினீர்களே. ஒரு வாத்தியார் ஜெயிலில் செத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் பம்பாய்க்காரன் சொன்னான் என்று ஒண்ணு ரெண்டு எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல. தொண்டை நரம்பு புடைக்கச் சத்தமாக வேறு எண்ணியிருக்கிறீர்கள்.

வாசலில் தம்பியின் பைக்கில் முழங்காலை இடித்துக்கொண்டேன். யாராவது வாசலுக்குக் குறுக்கே நிறுத்துவார்களா?

ஜனவரி 3, சனி

மதினி இன்று பிடித்துக்கொண்டாள். தையல் மிஷினை நிறுத்தி, என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினாள். "ஏட்டி உலகு, அவரு பத்திரத்துல கையெழுத்துப் போட்டாரு. படத்துல நடிச்சாரு. ரெண்டும் நெசம்தான? இனி என்னத்தத் தேடுத? விட்டுரேன்."

"ரெண்டாவது துண்டு இருக்கு" என்றேன். அவளிடம் மட்டும் நான் வாய்விட்டுப் பேசுவேன்.

"அதுலயும் எண்ணியிருந்தா?"

"அதையும் பாத்துட்டுப் போறேன்."

"மொதல்ல கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போ. சீட்டு எழுதிக் குடுத்து ஆறு மாசம் ஆச்சி. நேத்து எம்மேல வந்து முட்டுன. பக்கத்துல நிக்கவளைத் தெரியலியா ஒனக்கு?"

அந்தச் சீட்டு எங்கே என்று தெரியவில்லை என்று சொன்னேன். இந்த நோட்டுக்குள்தான் பக்க அடையாளமாக வைத்திருக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

பாவாடை மூன்று. ரவிக்கை ஒன்று. ஊசியில் நூல் கோக்க மதினியைக் கூப்பிட்டேன். பம்பாயிலிருந்து தகவல் இல்லை.

ஜனவரி 14, பொங்கல்

பொங்கலுக்குக் குற்றாலிங்கம் சாருக்கு வாழ்த்து மெசேஜ் அனுப்பினேன். "முப்பத்தொன்றாம் தேதி வருவேன்" என்று கூடவே சேர்த்தேன். அவர், "காத்திருக்கிறேன்" என்று பதில் போட்டார்.

என்னத்தைக் கொண்டுபோவேன் என்று எனக்கே தெரியாது. போவேன், அவ்வளவுதான். எண்ணித்தான் இருக்கிறார் என்றால் அதையும் என் வாயால் சொல்லிவிட்டு வருவேன். 'மன்னிப்பு ஆவுடை மகள் ஓடி ஒளிந்துகொண்டாள்' என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

கரும்பு வாங்கி வரும் வழியில் நடைபாதைப் படி ஒன்று தவறிவிட்டது. கணுக்காலில் வீக்கம். முனிசிபாலிட்டிக்காரர்களைச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 24, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

தம்பி பதினொரு மணிக்கு வந்தான். இரண்டாவது துண்டில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி மட்டும் பிரிந்திருக்கிறது. மீதி பொடியாகிவிட்டது. அரசவைக் காட்சி. நாலாம் அங்கம்.

நான் சொல்லாமலேயே கம்ப்யூட்டரை ஜன்னல் திட்டில் தள்ளி வைத்தான். படத்தையும் சின்னதாக்கினான். என் பக்கம் திரும்பி, "இது சரியா தெரியுதாம்மா?" என்று மட்டும் கேட்டான். நல்ல பிள்ளை. தெரிகிறது என்று தலையாட்டினேன். சுற்றியிருக்கிற சபையும் தூணும் எனக்கு எதற்கு? வாய் தெரிந்தால் போதும்.

அரசன் வருகிறான். அவனுக்கு எருமைக் கொம்பு மாதிரி ஒட்டுமீசை, அவன் சொன்னது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். பிறகு அப்பா. கையைக் கட்டியிருக்கிறார்கள். முகம் நேரே கேமராவைப் பார்க்கிறது.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

நாலு வரவில்லை. வாய் மூடியது. இடது பக்கம் ஒரு தடவை கண்ணை ஓட்டினார், அங்கேதான் அந்தப் பம்பாய்க்காரர் நின்றிருக்க வேண்டும். பிறகு மறுபடி வாய் திறந்தது. அப்போதுதான் நான் தொண்டையைப் பார்த்தேன். எண்ணும்போது புடைத்த நரம்பு இப்போது புடைக்கவில்லை. தொண்டைக் குமிழ் ஏறி இறங்கவில்லை. முகம் கோபத்தில் துடிக்கிறது, உதடு ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புகிறது, ஆனால் சத்தம் இல்லை. காது கேட்கிறவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். சத்தத்தோடு பேசுகிற வாயும் சத்தமில்லாமல் பேசுகிற வாயும் வேறு வேறு. அது என்னிடம் பாடம் எடுத்த வாய்.

படித்தேன்.

"ஆற்றை யார் வெட்டினார், மன்னா? உன் பாட்டன் வெட்டினானா? மழை பெய்தது, பள்ளம் பார்த்து ஓடியது. அதற்கு நீ வரி கேட்கிறாய். என் ஓடத்தில் பசு ஏறும்..."

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி விழுந்திருக்கிறது, மதினி ஓடி வந்தாள்.

"...பசு ஏறும், பிணம் ஏறும், பிள்ளைத்தாய்ச்சி ஏறும். உன் சிப்பாய் ஏற மாட்டான்."

பசு பாடம்.

அதற்கு மேல் "என் நாக்கை" என்று தொடங்குகிறார். பிலிம் கெட்டுப்போன வெள்ளைக் கொப்புளங்கள் மேலிருந்து வழிந்து முகத்தை மூடிவிடுகின்றன. அடுத்து எழுத்து மட்டும் பளிச்சென்று வருகிறது. "மகாராஜா! யாவும் ஈசன் செயல். அடியேனைப் பொறுத்தருள்க."

ஐம்பத்தெட்டு வயசு எனக்கு. அதை எத்தனை ஆயிரம் தடவை ஒப்பித்திருப்பேன்! பல் தேய்க்கும்போது, மிஷின் மிதிக்கும்போது, இன்றுவரைக்கும். ப-வுக்குப் பயிற்சி என்றே நினைத்திருந்தேன். ஒரு செவிட்டுப் பிள்ளைக்கு உதட்டில் தெரிகிற சொல்லாகப் பார்த்துக் கோத்த பாடம் என்று.

தம்பி என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "என்னம்மா? எண்ணுறாரா?"

"இல்லை" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். அவன் திடுக்கிட்டான், என் குரலை அவன் கேட்டதில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

தைக்கவில்லை. சாப்பிட்டேன். அழுதேன். படம் கையில் இல்லாதபோது அழலாம்.

ஜனவரி 31, சனி

தம்பியும் மதினியும் நானும் ஆட்டோவில் குற்றாலிங்கம் சார் வீட்டுக்குப் போனோம். அச்சுத்தாள்கள் கட்டாக மேசைமேல் இருந்தன. மேல்தாளில் 'காட்டிக்கொடுத்தவர்' என்று பெரிய எழுத்து. எடுத்து ஒளித்துவைக்காமல் வைத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

படத்தைப் போட்டுக் காட்டினோம். நான் படித்ததை எழுதிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, இந்தத் தடவை வாயை அகட்டாமல் பேசினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்துல 'ஈசன் செயல்'னு இருக்கு. இது நீங்க படிச்சது. உங்க அப்பாவைக் காப்பாத்தணும்னு நினைக்கிறவங்க நீங்க. ஊர்ல நாலு பேரு கேட்டா நான் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவேன்?"

நியாயம்தான். வாத்தியார் வேலை பார்த்தவர் அப்படித்தான் கேட்பார்.

தம்பி வேகமாக என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மறுபடி படத்தைப் போடச் சொன்னேன். "உன் சிப்பாய் ஏற மாட்டான்" வந்தது. "என் நாக்கை" வந்தது. கொப்புளம் வந்து அப்பா முகத்தை மூடியது. நான் சாருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அப்பா விட்ட இடத்திலிருந்து பசு பாடத்தின் மீதியை எடுத்தேன்.

வாய்விட்டுத்தான் சொன்னேன். என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் ஒரு டீச்சர், தகரத்தில் ஆணி கீறுகிறமாதிரி இருக்கிறது என்று பக்கத்து டீச்சரிடம் சொன்னதை அவள் உதட்டில் படித்தேன். அதிலிருந்து வெளியாட்கள் முன்னால் பேசுவதை விட்டேன். இருக்கட்டும். தகரமே பேசட்டும்.

"என் நாக்கை அறுத்தால் என் துடுப்பு பேசும். என் துடுப்பை முறித்தால் என் ஓடம் பேசும். ஓடத்தை எரித்தால்..."

என் கண்ணுக்கு இப்போதெல்லாம் ஒரு முகத்தில் ஒரு வாய் அளவுதான் தெரிகிறது. எழுதிவிட்டேன், இனி மறைத்து என்ன. அந்த வட்டத்துக்குள் சாருடைய வாய் மட்டும்தான் இருந்தது. முதலில் அது இறுக்கமாக மூடியிருந்தது. "ஓடத்தை எரித்தால்" என்றபோது கொஞ்சம் திறந்தது. நான் அடுத்ததைச் சொல்லுமுன் அந்த வாயும் அசையத் தொடங்கியது. என்னோடு சேர்ந்து, சொல்லுக்குச் சொல்.

"...ஆறு பேசும். ஆற்றை என்ன செய்வாய்?"

மனைவியிடம்கூடச் சொல்லாமல் அவர் காத்துவைத்திருந்த வரி. இரண்டு பேரும் ஒன்றாக முடித்தோம்.

மதினி மூக்கை உறிஞ்சியிருப்பாள், அவளுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"அப்பா."

"எப்ப?"

"ஆறு வயசுலேருந்து. தெனமும் பாடம். ஆனா சத்தமே இல்லாம. வாயை மட்டும் அசைச்சி."

அவர் அலமாரியைத் திறந்து அந்தப் பிணைப் பத்திரத்தை எடுத்தார். மேசையில் விரித்து, விரலை ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. நான் குனிந்து பார்த்தேன். 'எந்த ஜனங்களின் காதிலும் விழும்படி' என்ற இடம்.

"ஆண்டவன் சாட்சின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றார் சார். "அதை அவர் மீறலை. காது இல்லாத கேமராகிட்டச் சொல்லியிருக்காரு. அப்புறம்..."

அப்புறம் என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு பேனாவை எடுத்து, அச்சுத்தாளில் 'காட்டிக்கொடுத்தவர்' என்பதை அடித்தார். வேறு தலைப்பு எழுதவில்லை, யோசிக்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். போட்டார், அதைப் போட வேண்டியதுதான். போட்டுவிட்டு என்ன செய்தார் என்பதையும் போட வேண்டும். அப்பா படத்தைக் கொடுத்தேன். பையிலேயே கொண்டுபோயிருந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மீரான் தம்பி வந்து முழு வசனத்தையும் எழுதிக்கொண்டான். நான் சொல்ல அவன் எழுத, மதினி அவனுக்கு ஆப்பம் சுட்டுப் போட்டபடியே இருந்தாள்.

அப்பாமேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம், 'இது அந்த வசனம்' என்று. சத்தமில்லாமலேயே சொல்லியிருக்கலாமே. ஆனால் அந்த மனிதருக்கு ஊரெல்லாம் காது, வீட்டில் நான் ஒருத்தி.

பிப்ரவரி 3, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. மதினி கூட வந்தாள். டாக்டரம்மா பொறுமையாக, நேர் முகமாகப் பேசினாள். ஓரம் முழுக்கப் போய்விட்டது, திரும்பி வராது. நடுவிலிருப்பது எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்ல முடியாது. காது கேட்காமல் பிறக்கிற சிலருக்கு இப்படி வருமாம். ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். இதேதான், ஆனால் இத்தனை இடத்தில் முட்டியிருக்க மாட்டீர்கள் என்றாள். கெட்டிக்காரி.

பயமாக இருக்கிறது. வெள்ளைக்கோல் பிடிக்கப் பழக வேண்டும். கையில் எழுதிப் பேசுகிற முறை ஒன்று இருக்கிறதாம், நானும் மதினியும் சேர்ந்து கற்றுக்கொள்ளப் போகிறோம். அவள் இன்றைக்கே என் உள்ளங்கையில் 'காப்பி' என்று எழுதிப் பார்த்தாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

குற்றாலிங்கம் சார் மெசேஜ்: "விழாவில் வசனத்தை யாராவது நல்ல குரல் உள்ள நடிகரை வைத்துச் சொல்லவைக்கலாமா? உங்கள் அனுமதி வேண்டும்."

பதில் அனுப்பினேன்: "நானே சொல்கிறேன். மைக் வேண்டும். பிணை எழுதிக் கொடுத்தது என் அப்பா. நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை."